டிரைவ் ஓடினால் ரீடிங் ஆடுகிறதா? பேனல் வயரிங்கில் நாய்ஸ், எர்த் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

மெஷின் நிற்கும்போது 60 டிகிரி என்று அசையாமல் இருக்கும் ரீடிங், பம்ப் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஓடத் தொடங்கியதும் 57, 63, 58 என்று ஆடுகிறது. சென்சாரை மாற்றியாயிற்று, மெஷினை இயக்கும் சிறு கணினியான பிஎல்சியில் சென்சார் சிக்னலைப் படிக்கும் அனலாக் கார்டையும் மாற்றியாயிற்று, ஆட்டம் நிற்கவில்லை. திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சாயப்பட்டறைகளிலும் கோவை மில்களிலும் பேனல் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பொருளை மாற்றிப் பார்ப்பதற்கு ஆகும் பணத்தில் பாதிகூட, வயர் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கு ஆகாது. அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் பேனலில் எது நடக்கிறதோ அந்த இடத்திலிருந்து படிக்கலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நாய்ஸ், அதாவது சிக்னலில் வந்து கலக்கும் வேண்டாத மின்சாரம், அதுவும் மின்னோட்டம்தான். எங்கே கிளம்பியதோ அங்கேயே அது திரும்பிப் போக வேண்டும். 415 வோல்ட் சப்ளையில் இருக்கும் டிரைவின் உள்ளே ஏசியை டிசியாக மாற்றி வைத்திருக்கும் டிசி பஸ் கிட்டத்தட்ட 585 வோல்ட் இருக்கும். அதை ஐஜிபிடி எனப்படும் அதிவேக எலக்ட்ரானிக் சுவிட்சுகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு வெட்டும் ஒரு மைக்ரோ செகண்டுக்குள் முடிந்துவிடும். மோட்டார் கேபிளுக்கும் அதைச் சுற்றியுள்ள இரும்புக்கும் இடையே ஒரு சிறு கெப்பாசிட்டன்ஸ் எப்போதும் உண்டு. ஒவ்வொரு வெட்டிலும் அதன் வழியே கொஞ்சம் கரண்ட் கேபிள் டிரேக்கும் மோட்டார் பாடிக்கும் தாவுகிறது. தாவிய கரண்ட் டிரைவுக்குத் திரும்ப வழி தேடும். நல்ல வழி போட்டு வைத்திருந்தால் அதில் போகும். இல்லையென்றால் உங்கள் சிக்னல் வயரைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டிலும் பிஎல்சியின் 0 வோல்ட் லைனிலும் புகுந்து திரும்பும். எர்த் பிட் இதைக் குடித்துவிடும் என்று நம்பிப் புதுக் குழி தோண்டுகிறவர்கள் நிறைய. குழிக்குள் போனாலும் அது மண்ணோடு முடிந்துவிடாது, சுற்றி வந்தே தீரும்.

கையில் இருக்க வேண்டியவை: ட்ரூ ஆர்எம்எஸ் மல்டிமீட்டர், மில்லியாம்பியர் படிக்கும் கிளாம்ப் மீட்டர், சென்சார் சிக்னலுக்குப் பதிலாக 4–20 மில்லியாம்பியர் கொடுக்கும் லூப் கேலிபிரேட்டர், ஒரு நோட்டு. நோட்டில் முதலில் எழுத வேண்டியது கோளாறு வரும் நேரம். எந்த மோட்டார் ஓடும்போது, எந்த காண்டாக்டர் (மோட்டாரை இணைத்துத் துண்டிக்கும் காந்த சுவிட்ச்) விழும்போது, வெல்டிங் நடக்கும்போதா, மழை நாளிலா என்று இரண்டு நாள் குறித்து வைத்தாலே பாதி விடை வந்துவிடும். டிரைவைத் திறப்பதற்கு முன் சப்ளையை அணைத்துப் பூட்டுங்கள். மேனுவலில் சொன்ன நேரம், பொதுவாக 5 முதல் 15 நிமிடம், காத்திருங்கள். பிறகு டிசி பஸ்ஸை மீட்டரில் பார்த்த பின்பே கை வையுங்கள்.

டிரைவ் ஓடும்போது மட்டும் அனலாக் ரீடிங் ஆடுகிறது

வெப்பநிலையை 4–20 மில்லியாம்பியர் கரண்டாக அனுப்பும் 0–150 டிகிரி டிரான்ஸ்மிட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4 முதல் 20 வரையுள்ள 16 மில்லியாம்பியருக்குள் 150 டிகிரி அடங்கியிருக்கிறது. கால் மில்லியாம்பியர் கூடினாலே ரீடிங் 2 டிகிரிக்கு மேல் தள்ளிப் போகும். சாயம் ஏற்றும்போது அது ஷேடு மாறுவதில் போய் நிற்கும்.

முதலில் டிரைவுக்கு பவர் கொடுத்து, ரன் கொடுக்காமல் பாருங்கள். அப்போது ரீடிங் அமைதியாக இருந்து, ரன் கொடுத்ததும் ஆடினால், குற்றவாளி ஐஜிபிடி வெட்டுதான் என்பது உறுதி. அடுத்தது நான் தவறாமல் செய்யும் சோதனை. மேலே சொன்னபடி அணைத்துக் காத்திருந்து, மோட்டார் கேபிளை டிரைவின் அவுட்புட்டிலேயே கழற்றிவிட்டு, டிரைவை வெறுமனே ஓட்டுவது. சில டிரைவ்கள் அவுட்புட் ஃபேஸ் லாஸ் என்று டிரிப் ஆகும். அந்த பாராமீட்டரைத் தற்காலிகமாக அணைத்து, முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட வேண்டும். மோட்டார் கேபிள் இல்லாதபோது ரீடிங் நின்றால் நாய்ஸ் மோட்டார் கேபிளிலிருந்து வருகிறது. அப்போதும் ஆடினால் பேனலுக்குள்ளே, டிரைவின் இன்புட் பக்கத்தில் தேட வேண்டும்.

அடுத்து பிஎல்சி பக்கம். ஃபீல்டிலிருந்து வரும் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு கேலிபிரேட்டரால் 12 மில்லியாம்பியர் கொடுங்கள். ஸ்கேலில் சரியாகப் பாதி, அதாவது 75 டிகிரி காட்ட வேண்டும். டிரைவ் ஓடும்போதும் 75 அசையாமல் நின்றால் கார்டு நல்ல கார்டு, அதைக் குறை சொல்ல வேண்டாம். பிறகு டிரான்ஸ்மிட்டரிலிருந்து பேனலுக்கு ஒரு புதுக் கேபிளை டிரேயில் போடாமல் தரையோடு தனியாக இழுத்து இணைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் விடை டிரேக்குள் இருக்கிறது. சிக்னல் கேபிளும் மோட்டார் கேபிளும் ஒரே டிரேயில் ஒட்டி உறவாடிக்கொண்டிருக்கும்.

இனி சரிசெய்வது. மோட்டார் கேபிளுக்கும் சிக்னல் கேபிளுக்கும் இடையே குறைந்தது 300 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஒன்றையொன்று தாண்டியே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகத் தாண்டட்டும். சிக்னலுக்கு முறுக்கிய ஜோடி வயர், அதன் மேல் ஷீல்டு. முறுக்கு இருந்தால் பக்கத்துக் கேபிளின் காந்தப்புலம் அடுத்தடுத்த முறுக்குகளில் எதிரெதிராக விழுந்து பெரும்பாலும் தானே அடித்துக்கொண்டு போய்விடும். ஷீல்டால் மட்டும் அந்த வேலை ஆகாது. மோட்டாருக்கு ஷீல்டு உள்ள நாலு கோர் கேபிள் போட்டால், தாவிய கரண்ட் திரும்ப நல்ல வழி கிடைத்துவிடும். செலவு கூடத்தான் செய்யும். ஆனால் இதற்கு ஈடான மருந்து வேறு கிடையாது.

ஷீல்டை ஒரு பக்கம் எர்த் செய்வதா, இரண்டு பக்கமுமா? இந்தக் கேள்வியில் ஒவ்வொரு சைட்டிலும் ஒரு சண்டை நடந்திருக்கும். மோட்டார் கேபிள் ஷீல்டு இரண்டு பக்கமும் போக வேண்டும்: டிரைவ் பக்கத்தில் பேக் பிளேட்டிலும், மோட்டார் பக்கத்தில் டெர்மினல் பாக்ஸ் கிளாண்டிலும். அதுதான் கரண்ட் திரும்பும் பாதை, ஒரு பக்கம் வெட்டினால் பாதையே இல்லை. 4–20 மில்லியாம்பியர், தெர்மோகப்பிள் மாதிரியான மெதுவான சிக்னலுக்குப் பொதுவாகப் பேனல் பக்கம் மட்டும் போதும். ஃபீல்டு பக்கத்தில் வெட்டி, எதிலும் படாதபடி டேப் சுற்றி விடுங்கள். இரண்டு பக்கமும் எர்த் செய்தால், இரண்டு இடத்து எர்த்துக்கும் இருக்கும் சிறு வித்தியாச வோல்டேஜால் ஷீல்டுக்குள் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடத் தொடங்கும். கிளாம்ப் மீட்டரை ஷீல்டு வயரில் போட்டால் தெரிந்துவிடும். வேகமான டிஜிட்டல் நெட்வொர்க் கேபிள்கள் சிலவற்றுக்கு மேனுவலே இரண்டு பக்கமும் கேட்கும். அங்கே மேனுவல் சொல்வதே சரி.

அப்புறம் பிக்டெயில். ஷீல்டைப் பிரித்து முறுக்கி, 15 சென்டிமீட்டர் பச்சை வயரில் நீட்டி எர்த் பாரில் போடுவது நம்மூர்ப் பழக்கம். நேரான வயருக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் இருக்கும். 10 மீட்டர் பச்சை வயர், மீட்டரில் பார்த்தால் ஓமில் சிறு பின்னம்தான் காட்டும். ஆனால் 1 மெகா ஹெர்ட்ஸ் நாய்ஸுக்கு அதே வயர் 60 ஓமுக்கு மேல் தடை. வயரை இன்னும் தடிமனாகப் போட்டாலும் இது அதிகம் குறையாது. நீளத்தைக் குறைத்தால்தான் குறையும். ஷீல்டைச் சுற்றி முழு வட்டமாகப் பிடிக்கும் கிளாம்ப், பெயின்ட் சுரண்டிய பேக் பிளேட், கதவுக்கும் பாடிக்கும் நடுவில் தட்டையான பின்னல் செம்புப் பட்டை. இந்த மூன்றுக்கும் ஒரு நாள் செலவழித்தால் போதும். பெயின்ட் மேலேயே லக் போட்டு முறுக்கிய எர்த்தை எத்தனையோ பேனல்களில் பார்த்திருக்கிறேன், புதுப் பேனல்களிலும்.

எல்லாம் செய்தும் கொஞ்சம் மிச்சமிருந்தால் டிரைவின் கேரியர் ஃப்ரீக்வென்சியைக் குறைத்துப் பாருங்கள். மோட்டார் சத்தம் கூடும், நாய்ஸ் குறையும். ஃபெரைட் வளையம் போடுவதானால் யு, வி, டபிள்யூ மூன்றும் ஒன்றாக அதற்குள் போக வேண்டும், எர்த் வயர் வெளியே. பிஎல்சியில் ஃபில்டர் நேரத்தைக் கூட்டுவது கடைசி வேலை. அதை முதலில் செய்தால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், காரணம் அப்படியே இருக்கும்.

ரீடிங் ஆடவில்லை, ஆனால் நிலையாகத் தப்புக் காட்டுகிறது

இது பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு இடத்தில் எர்த் ஆனதால் சிக்னல் வயர் வழியாகக் கரண்ட் சுற்றுவது. கே டைப் தெர்மோகப்பிளில் ஒரு டிகிரிக்குக் கிடைப்பதே சுமார் 41 மைக்ரோ வோல்ட். எங்கிருந்தாவது 1 மில்லி வோல்ட் கலந்தால் 24 டிகிரி பிழை. தெர்மோகப்பிள் நுனி உறையோடு சேர்த்து வெல்டு செய்யப்பட்ட வகையாக இருந்தால் ஃபர்னஸ் பாடியில் ஒரு எர்த், கார்டில் ஒரு எர்த் என்று லூப் உருவாகிவிடும். கண்டுபிடிப்பது எளிது: ஃபர்னஸ் பாடிக்கும் பேனல் எர்த் பாருக்கும் இடையே ஏசி, டிசி இரண்டிலும் வோல்டேஜ் பாருங்கள். பிறகு சென்சாரைக் கழற்றி, பாடியில் படாமல் காற்றில் தொங்கவிட்டு ரீடிங் பாருங்கள். சரியான அறை வெப்பநிலை காட்டினால் லூப்தான். நுனி தனிமைப்படுத்திய சென்சார் அல்லது நடுவில் ஒரு சிக்னல் ஐசொலேட்டர் போட்டால் தீரும். தெர்மோகப்பிளைப் பேனலோடு இணைக்கும் காம்பன்சேட்டிங் கேபிளைத் தலைகீழாக இணைத்திருந்தாலும் நிலையான தப்பு வரும், அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

காண்டாக்டர் விழும்போது பிஎல்சி ரீசெட் ஆகிறது, எச்எம்ஐ (பேனல் திரை) உறைகிறது

இங்கே அவசரப்பட்டு நாய்ஸ் என்று முடிவு கட்ட வேண்டாம். காண்டாக்டர் அல்லது சோலினாய்டு *ஆன்* ஆகும்போது ரீசெட் ஆனால் 24 வோல்ட் சப்ளை தாக்குப்பிடிக்காமல் தாழ்கிறதா என்று மீட்டரின் மினிமம்–மேக்ஸிமம் பதிவில் பாருங்கள். *ஆஃப்* ஆகும்போது ஆனால்தான் சந்தேகம் காயிலின் மேல். காயிலில் சேர்ந்திருந்த சக்தி, கரண்டைத் துண்டித்ததும் பல நூறு வோல்ட் குத்தலாக வெளியே வரும்.

டிசி காயிலுக்குக் குறுக்கே டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். மாற்றிப் போட்டால் ஷார்ட் ஆகி அவுட்புட் போய்விடும். ஏசி காயிலுக்கு ஆர்சி ஸ்னப்பர். 100 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரடும் சேர்ந்தது கடையில் ரெடியாகக் கிடைக்கும். இரண்டையும் பேனல் டெர்மினலில் போடாமல் காயிலின் மேலேயே போட வேண்டும். டெர்மினலில் போட்டால் காயில் வரைக்கும் போகும் நீள வயர் முழுவதும் அந்தக் குத்தலைப் பரப்பும். டயோடு போட்டால் காயில் விடுவது சற்றுத் தாமதமாகும். பிரேக், சேஃப்டி வேலைகளில் அந்தத் தாமதம் ஆகாது, அங்கே உற்பத்தியாளர் சொல்லும் சப்ரஸரை மட்டும் போடுங்கள்.

சுவிட்ச் ஆஃப், ஆனாலும் இன்புட் எல்இடி மங்கலாக எரிகிறது

230 வோல்ட் ஏசி கண்ட்ரோல் வயர் நீளமாகப் போகும் இடங்களில் பக்கத்து வயரின் மின்சாரம் கெப்பாசிட்டன்ஸ் வழியாக ஏறும். மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம், அதனால் 70, 80 வோல்ட் கூடக் காட்டும். லோ இம்பீடன்ஸ் மோடில் அல்லது ஒரு குண்டு பல்பை இணைத்துப் பாருங்கள். வோல்டேஜ் படுத்துவிட்டால் அது வெறும் தூண்டல், படுக்காவிட்டால் எங்கோ இன்சுலேஷன் போயிருக்கிறது. தூண்டல்தான் என்றால் நடுவில் ஒரு ரிலே வைப்பது சுலபமான தீர்வு. இரண்டு வயர் பிராக்ஸிமிட்டி சென்சாராக (தொடாமலே பொருளை உணர்வது) இருந்தால் ஆஃபிலும் அதன் வழியே சிறு கரண்ட் கசியும். மூன்று வயர் சென்சாருக்கு மாறினால் தொல்லை விட்டது.

ஆர்எஸ்-485 அடிக்கடி விட்டுப் போகிறது

எனர்ஜி மீட்டர், டிரைவ், டெம்பரேச்சர் கண்ட்ரோலர் எல்லாம் ஏ, பி என்ற இரண்டு வயரில் டேட்டா பேசும் ஒரே மாட்பஸ் லைனில் இருக்கும். சில நாள் சரியாகப் பேசும், சில நாள் டைம் அவுட். பவரை அணைத்து ஏ, பி இரண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் இருந்தால் சுமார் 60 காட்டும். 120 காட்டினால் ஒரு முனையில் இல்லை. 40 காட்டினால் யாரோ நடுவில் இருக்கும் டிரைவிலும் டிப் சுவிட்சை ஆன் செய்து வைத்திருக்கிறார்கள்.

லைன் ஒரு சங்கிலியாக ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரே டெர்மினலிலிருந்து நட்சத்திரம் மாதிரி நாலு பக்கம் பிரித்தால் சிக்னல் எதிரொலித்துக் கெட்டுவிடும். இரண்டு வயர் போதும் என்று மூன்றாவது காமன் வயரை விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஆர்எஸ்-485 ரிசீவர் தாங்குவது அதன் கிரவுண்டைக் கணக்கில் வைத்து −7 முதல் +12 வோல்ட் வரைதான். இரண்டு ஷெட்டுக்கு இடையே எர்த் வித்தியாசம் அதைத் தாண்டினால் முதலில் டேட்டா கெடும், பிறகு சிப்பே போகும். ஷெட் விட்டு ஷெட் போகும் லைனில் ஐசொலேட்டட் ரிப்பீட்டர் போடத் தயங்காதீர்கள். தூரம் அதிகமென்றால் ஃபைபரே நல்லது.

வெல்டிங் நேரத்தில் மட்டும் ஆர்எஸ்-485 போர்ட் எரிகிறதா? வெல்டிங் மெஷினின் ரிட்டர்ன் கிளாம்ப் எங்கே மாட்டியிருக்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். வேலை நடக்கும் இடத்தில் மாட்டாமல் 20 மீட்டர் தள்ளி ஏதோ ஒரு தூணில் மாட்டியிருந்தால், நூறு ஆம்பியருக்கு மேல் போகும் கரண்ட் கட்டட இரும்பு, மெஷின் பாடி, உங்கள் ஷீல்டு என எல்லாவற்றின் வழியாகவும் பிரிந்து திரும்பும். கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்கு ஓரடி தள்ளி மாட்டச் சொல்லுங்கள். சுழற்சியை எண்ணும் என்கோடரின் கவுண்ட் தானாக ஏறுவதற்கும் இதே காரணம் இருக்கலாம். என்கோடருக்கு லைன் டிரைவர் வகை (ஒவ்வொரு சிக்னலையும் எதிரெதிர் ஜோடியாக அனுப்புவது) வாங்கினால் பாதித் தொல்லை குறையும்.

எர்த் வயரில் எப்போதும் கரண்ட்

பேனலின் மெயின் எர்த் கண்டக்டரில் கிளாம்ப் போடுங்கள். ஃபில்டர், டிரைவ் இருக்கும் பேனலில் சில நூறு மில்லியாம்பியர் இயல்பு. பல ஆம்பியர் ஓடினால் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் இரண்டாவது இடத்தில் சேர்ந்திருக்கின்றன. அவை சேர வேண்டியது சப்ளையின் மூலத்தில் ஒரே இடத்தில்தான். லைட்டிங் டிபி (டிஸ்ட்ரிபியூஷன் போர்டு), ஏசி அவுட்லெட், சர்வோ ஸ்டெபிலைசர் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தால் எது அணைந்ததும் கரண்ட் குறைகிறதோ அங்கே தேடலாம். லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 1, 2 வோல்ட் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். 5-ஐத் தாண்டினால் நியூட்ரல் ஜாயின்ட்டையும், மூன்றாம் ஹார்மோனிக் சேர்ந்து நியூட்ரல் சூடாகிறதா என்பதையும் பாருங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: சாதாரண கிளாம்ப் மீட்டருக்கு டிரைவின் அதிவேக நாய்ஸ் கரண்ட் தெரியாது. மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது என்பதற்காக நாய்ஸ் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

"எலக்ட்ரானிக் எர்த்" தனியாக வேண்டுமாம்

இதை நிதானமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பிஎல்சிக்கு மட்டும் தள்ளி ஒரு குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, மற்ற எர்த்தோடு சேராமல் தனியாக இழுப்பதைப் பல இடங்களில் இன்னும் செய்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தனிக் குழி 5 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துக் குழி 1 ஓம். பேனலுக்குள் ஒரு ஃபேஸ் வயர் பாடியில் பட்டால் 230 வோல்ட்டை 6 ஓம் பிரிக்கும். ஓடுவது 38 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது, நெடுநேரம் அப்படியே நிற்கும். அவ்வளவு நேரமும் பேனல் பாடியில் 190 வோல்ட். யாராவது கதவைப் பிடித்தால் என்ன ஆகும்?

இடியிலும் இதே கதைதான். ஒரு மில்லில் ஐப்பசி மழைக்கு மறுநாள் போனபோது, தனிக் குழியில் இருந்த பிஎல்சியின் அனலாக் கார்டுகள் எல்லாம் போயிருந்தன. பக்கத்தில் இடி விழும்போது இரண்டு குழிக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். சென்சார் ஒரு எர்த்தில், கார்டு இன்னொரு எர்த்தில் இருந்தால் அந்த வித்தியாசம் முழுவதும் கார்டின் மேல்தான் விழும். அங்கே இரண்டு குழியையும் தடித்த ஜிஐ பட்டையால் இணைத்தோம், மெயினில் சர்ஜ் அரெஸ்டர் போட்டோம். சுத்தமான எர்த் வேண்டுமென்றால் பேனலுக்குள் பிஎல்சிக்குத் தனி செம்புப் பார் வைத்து, அதை மெயின் எர்த் பாரில் ஒரே இடத்தில் சேருங்கள். குழிகள் எத்தனை இருந்தாலும் மண்ணுக்கு மேலே எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும். மோட்டார் பாடிக்கு விதிப்படி இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு, அதில் ஒன்றைக்கூட நாய்ஸைக் காரணம் காட்டி வெட்டக் கூடாது. எர்த் வயரைக் கழற்றியதும் ரீடிங் நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால், அவர் லூப் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, எர்த்தைத் திரும்ப மாட்டிவிட்டு, சிக்னல் பக்கம் ஐசொலேட்டர் போடுங்கள்.

24 வோல்ட் சப்ளையின் 0 வோல்ட்டையும் ஒரே இடத்தில் எர்த் செய்வது நல்லது. மிதக்க விட்டால் முதல் எர்த் ஃபால்ட் சத்தமில்லாமல் இருந்துவிடும். இரண்டாவது ஃபால்ட் வரும்போது பட்டனைத் தொடாமலே ஒரு ரிலே எடுத்துவிடலாம். மெஷினுக்குள் ஆள் கை வைத்திருக்கும் நேரமாக அது இருந்தால் பெரிய ஆபத்து.

கோடையில் ஒரு மாதிரி, மழையில் ஒரு மாதிரி

சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து குழியின் தடை ஏறும். தண்ணீர் ஊற்றும் வேலையை யாராவது ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள், எர்த் டெஸ்டரால் அளப்பதையும் அந்த மாதத்திலேயே செய்யுங்கள். மழையில் மட்டும் வரும் கோளாறுக்கு நாய்ஸைத் தேட வேண்டாம். ஃபீல்டு ஜங்ஷன் பாக்ஸைத் திறங்கள், மேல் பக்கம் கிளாண்ட் வைத்திருந்தால் தண்ணீர் உள்ளே நிற்கும். கிளாண்டைக் கீழ்ப் பக்கம் மாற்றி, டெர்மினலைக் காய வைத்து, கேபிளின் இன்சுலேஷனை மெகரால் பாருங்கள். அதற்கு முன் இரண்டு முனையும் கழற்றியிருக்க வேண்டும். 500 வோல்ட் மெகரை இணைத்த நிலையில் சுற்றினால் கார்டு அங்கேயே முடிந்துவிடும்.

வேலை முடிந்ததும், சோதனைக்காக அணைத்த பாராமீட்டர், கழற்றிய ஷீல்டு, தரையில் இழுத்த தற்காலிகக் கேபிள் எல்லாவற்றையும் நோட்டில் பார்த்து ஒவ்வொன்றாக மீட்டுவிட்டு, எல்லா டிரைவையும் ஒன்றாக ஓட்டி ஒரு ஷிஃப்ட் முழுக்க ட்ரெண்ட் பதிவு எடுங்கள். நியூட்ரல்–எர்த் வோல்டேஜ், எர்த் வயர் கரண்ட், ஏ–பி ஓம், தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதி பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கதவைத் திறப்பவர் முதலில் அந்த எண்களோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்.